கேள்வி – பதில்: பதினேழாவது மக்களவைக்கு வந்தவர்களும் இடையில் போனவர்களும்

2019 முதல் 2024 வரை இருந்த பதினேழாவது மக்களவையின் உறுப்பினர் மாற்றங்கள் குறித்து வாசகர்கள் பலர் தொடர்ந்து கேட்டுவந்ததால், இந்த இதழின் பக்கங்கள் முழுவதும் அந்தக் கேள்விகளுக்கே ஒதுக்கப்பட்டுள்ளன.

கேள்வி: 2019 மக்களவைத் தேர்தலில் தி.மு.க. 23 இடங்களில் வென்றதாக ஒரு பட்டியலிலும், 24 இடங்கள் என்று இன்னொரு பட்டியலிலும் காண்கிறேன். எது சரி? எங்கள் தொகுதிக்குத் தனியாகத் தேர்தல் நடந்ததுதான் இந்தக் குழப்பத்துக்குக் காரணமா? (குடியாத்தம் வாசகர்)

நீங்கள் ஊகித்ததே காரணம். இரண்டு எண்ணிக்கையும் அந்தந்த நாளைய நிலவரப்படி சரியானவை. 2019 மே 23 அன்று 543 தொகுதிகளில் 542-க்குத்தான் முடிவு வெளியானது. பா.ஜ.க. 303, காங்கிரஸ் 52, தி.மு.க. 23 என்பது அன்றைய கணக்கு. வேலூர் தொகுதியில் பெருந்தொகை பிடிபட்டதைத் தொடர்ந்து, வாக்குப்பதிவுக்கு இரண்டே நாள் இருக்கையில், ஏப்ரல் 16 அன்று, தேர்தல் ஆணையத்தின் பரிந்துரையை ஏற்றுக் குடியரசுத் தலைவர் அந்தத் தேர்தலை ரத்து செய்தார். பணப்பட்டுவாடா புகாரால் ஒரு மக்களவைத் தொகுதியின் தேர்தல் ரத்தானது அதுவே முதல்முறை. பின்னர் ஆகஸ்ட் 5 அன்று வாக்குப்பதிவும் 9 அன்று வாக்கு எண்ணிக்கையும் நடந்து, தி.மு.க.வின் கதிர் ஆனந்த், அ.தி.மு.க. அணியின் ஏ.சி.சண்முகத்தை 8,141 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். 24 என்பது அதன் பிறகு வந்த எண். ம.தி.மு.க.வின் கணேசமூர்த்தி, வி.சி.க.வின் ரவிக்குமார் உள்ளிட்ட தோழமைக் கட்சியினர் நால்வர் உதயசூரியன் சின்னத்தில் நின்று வென்றதால் அவர்களும் இந்த 24-க்குள் அடக்கம்.

எண்ணிக்கையைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. புதிய மக்களவையின் முதல் கூட்டத்தொடர் 2019 ஜூன் 17-இல் தொடங்கி ஆகஸ்ட் 6-இல் முடிந்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டத் திருத்தம், சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத் திருத்தம், முத்தலாக் தடை, தேசிய மருத்துவ ஆணையம் என்று முப்பதுக்கும் மேற்பட்ட மசோதாக்கள் அந்த ஒரு கூட்டத்தொடரிலேயே மக்களவையில் நிறைவேறின. வேலூர் மக்கள் வாக்குச்சாவடியில் வரிசையில் நின்ற ஆகஸ்ட் 5 அன்றுதான் ஜம்மு காஷ்மீரின் சிறப்புத் தகுதியை நீக்கும் தீர்மானம் மாநிலங்களவையில் கொண்டுவரப்பட்டது. மறுநாள் மக்களவையும் அதற்கு ஒப்புதல் அளித்துவிட்டுக் கூட்டத்தொடரை முடித்துக்கொண்டது. அந்தக் கூட்டத்தொடரின் எந்த ஒரு வாக்கெடுப்பிலும் வேலூரின் குரல் ஆதரவாகவோ எதிராகவோ பதிவாகவில்லை. பணம் கொடுத்ததாகப் புகாருக்கு உள்ளானவர்கள் சிலர். அதற்காக அவையில் இடமின்றி இருந்தது தொகுதி முழுவதும்.

கேள்வி: ஒரு மக்களவை உறுப்பினரின் இடம் எந்தெந்த வகையில் காலியாகும்? (கல்லூரி மாணவி, திருநெல்வேலி)

இறப்பு, பதவி விலகல் ஆகிய இரண்டும் எல்லோரும் அறிந்தவை. அரசியல் சாசனத்தின் 101-ஆவது பிரிவு வேறு சில வழிகளையும் சொல்கிறது. ஒருவர் நாடாளுமன்றத்திலும் சட்டமன்றத்திலும் ஒரே நேரத்தில் உறுப்பினராக இருக்க முடியாது; அவையின் அனுமதியின்றி அறுபது நாள் கூட்டங்களுக்கு வராமல் இருந்தால் அந்த இடம் காலியானதாக அவை அறிவிக்கலாம்; 102-ஆவது பிரிவின்படியோ கட்சித் தாவலைத் தடுக்கும் பத்தாவது அட்டவணையின்படியோ தகுதி இழந்தாலும் பதவி போய்விடும். இவை தவிர, அவையே ஒருவரை வெளியேற்றுவதும் உண்டு. 2005-இல் கேள்வி கேட்கப் பணம் பெற்ற விவகாரத்தில் மக்களவை பத்துப் பேரை வெளியேற்றியபோது, அந்த அதிகாரம் அவைக்கு உண்டு என்று 2007-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. பதினேழாவது மக்களவையில் அவ்வாறு வெளியேற்றப்பட்டவர் மேற்கு வங்கத்தின் கிருஷ்ணநகர் உறுப்பினர் மஹுவா மொய்த்ரா. கேள்வி கேட்கப் பணம் பெற்றதாக அவர்மீதும் எழுந்த புகாரை விசாரித்த நெறிமுறைக் குழுவின் அறிக்கையை ஏற்று 2023 டிசம்பர் 8 அன்று குரல் வாக்கெடுப்பில் அவர் நீக்கப்பட்டார். குற்றச்சாட்டுகளை அவர் மறுத்தார். 2024 தேர்தலில் அதே தொகுதியில் மீண்டும் வென்றார்.

கேள்வி: கொரோனா காலத்தில் எங்கள் உறுப்பினர் வசந்தகுமார் மறைந்த பிறகு இடைத்தேர்தல் நடக்க ஏன் அத்தனை மாதங்கள் ஆயின? மறைந்தவர்களின் குடும்பத்தாரே பெரும்பாலும் நிறுத்தப்படுவது சரியா? (வாசகர், நாகர்கோவில்)

கன்னியாகுமரி உறுப்பினர் எச்.வசந்தகுமார் 2020 ஆகஸ்ட் 28 அன்று காலமானார். அடுத்த சில வாரங்களிலேயே, செப்டம்பர் 16 அன்று திருப்பதி உறுப்பினர் துர்கா பிரசாத் ராவும், 23 அன்று கர்நாடகத்தின் பெலகாவி உறுப்பினரும் ரயில்வே இணையமைச்சருமான சுரேஷ் அங்கடியும் மறைந்தார்கள். மூவருமே கொரோனா தொற்றுக்கு ஆளானவர்கள். உறுப்பினர்களைத் தள்ளித் தள்ளி அமர்த்துவதற்காக மக்களவையினர் சிலர் மாநிலங்களவை மண்டபத்திலும் பார்வையாளர் மாடங்களிலும் உட்கார்ந்து பேசிய காலம் அது. அந்த ஆண்டின் குளிர்காலக் கூட்டத்தொடரே நடைபெறவில்லை.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 151அ பிரிவின்படி காலியான நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் நடத்த வேண்டும். இதற்கு இரண்டு விதிவிலக்குகள் உண்டு. எஞ்சிய பதவிக் காலம் ஓராண்டுக்கும் குறைவாக இருந்தால் தேர்தல் தேவையில்லை; கெடுவுக்குள் நடத்துவது கடினம் என்று தேர்தல் ஆணையம் மத்திய அரசைக் கலந்து சான்றளித்தாலும் தள்ளிவைக்கலாம். கன்னியாகுமரிக்கு ஆறு மாதம் 2021 பிப்ரவரி இறுதியில் முடிந்தது. வாக்குப்பதிவோ சட்டமன்றத் தேர்தலோடு சேர்த்து ஏப்ரல் 6 அன்று நடந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் ஒரே வாக்குச்சாவடிக்கு மக்களை இரண்டு முறை வரவழைக்காமல் இருந்ததைக் குறையாகச் சொல்ல மனம் வரவில்லை.

குடும்பத்தார் பற்றிய உங்கள் கேள்வி இந்த அவைக்கு நன்றாகவே பொருந்துகிறது. கன்னியாகுமரியில் மகன் விஜய் வசந்த், பெலகாவியில் மனைவி மங்களா அங்கடி, பீகாரின் சமஸ்திபூரில் ராம்சந்திர பாஸ்வானின் மகன் பிரின்ஸ் ராஜ், வால்மீகி நகரில் வைத்தியநாத் பிரசாத் மகதோவின் மகன் சுனில் குமார், தாத்ரா நகர் ஹவேலியில் மோகன் தேல்கரின் மனைவி கலாபென், உத்தரப் பிரதேசத்தின் மைன்புரியில் முலாயம் சிங்கின் மருமகள் டிம்பிள் யாதவ் என்று பட்டியல் நீள்கிறது. இவர்கள் எல்லோரும் மக்களிடம் வாக்குப் பெற்றே வந்தார்கள் என்பதை மறுக்க முடியாது. ஆனால் அனுதாபத்தை மட்டும் நம்பி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கட்சி, அந்தத் தொகுதியில் பல ஆண்டுகளாக உழைத்த தன் தொண்டர்களுக்குக் கதவைச் சாத்துகிறது என்பதே என் கருத்து. திருப்பதியில் ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ், மறைந்தவரின் குடும்பத்துக்கு வெளியே இருந்த குருமூர்த்தி என்ற இயன்முறை மருத்துவரை நிறுத்திப் பெரும் வித்தியாசத்தில் வென்றது. குடும்பத்துக்கு வெளியே ஆளைத் தேடினால் தோற்றுவிடுவோம் என்ற அச்சத்துக்கு அந்தத் தேர்தல் நல்ல பதில்.

கேள்வி: மத்திய அமைச்சராக இருப்பவர்கள்கூட எம்.பி. பதவியை விட்டுவிட்டுச் சட்டமன்றத்துக்குப் போவது ஏன்? (வாசகர், கரூர்)

மாநிலத்தில்தான் ஆட்சி கையில் கிடைக்கிறது என்பதே காரணம். பஞ்சாபில் பகவந்த் மான் 2022 மார்ச்சில் முதலமைச்சரானதும் சங்ரூர் தொகுதியை விட்டார். உத்தரப் பிரதேசத்தில் அகிலேஷ் யாதவும் ஆசம் கானும் சட்டமன்றத்தைத் தேர்ந்தெடுத்து முறையே ஆசம்கர், ராம்பூர் தொகுதிகளை விட்டார்கள். அந்த ஜூனில் நடந்த இடைத்தேர்தல்களில் இந்த மூன்று இடங்களையுமே அவரவர் கட்சிகள் இழந்தன. விட்டுப்போன தொகுதி தமக்கே வந்துசேரும் என்று எண்ணியவர்களுக்கு வாக்காளர்கள் வேறு விடை சொன்னார்கள்.

2023 நவம்பர் தேர்தல்களில் பா.ஜ.க. நான்கு மாநிலங்களில் தன் எம்.பி.க்கள் 21 பேரைச் சட்டமன்ற வேட்பாளர்களாக நிறுத்தியது. 12 பேர் வென்றார்கள். மத்திய அமைச்சர்களாக இருந்த நரேந்திர சிங் தோமரும் பிரகலாத் படேலும் அவர்களில் அடக்கம். இரண்டு அவைகளிலும் இடம் பெற்றவர் பதினான்கு நாட்களுக்குள் சட்டமன்ற இடத்தை விடாவிட்டால் நாடாளுமன்ற இடம் தானாகவே காலியாகும் என்பது 1950-ஆம் ஆண்டு விதி. ஆகவே டிசம்பர் முதல் வாரத்திலேயே விலகல் கடிதங்கள் குவிந்தன. தெலங்கானாவில் முதலமைச்சரான காங்கிரஸின் ரேவந்த் ரெட்டியும் மல்காஜ்கிரி இடத்தை விட்டார். அவையின் காலம் 2024 ஜூன் 16 வரைதான் என்பதால் இந்தத் தொகுதிகள் எதற்கும் இடைத்தேர்தல் இல்லை. சட்டப்படி இதில் தவறில்லை. ஆனால் ஐந்தாண்டுக்கு என்று வாக்குக் கேட்டவர் இடையிலேயே வேறு பதவிக்குப் போட்டியிட முடிவு செய்தால், முதலில் இருக்கும் இடத்தை விட்டுவிட்டு நிற்க வேண்டும் என்று சட்டம் சொன்னால் நல்லது.

கேள்வி: தகுதி நீக்கம் செய்யப்பட்டவர் மீண்டும் உறுப்பினர் ஆவது எப்படி? ராகுல் காந்தி வழக்கில் நடந்ததை விளக்குங்கள். (ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்)

இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை பெற்றால் பதவி போகும் என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 8(3) பிரிவு. மேல்முறையீடு செய்வதற்காக முன்பு மூன்று மாத அவகாசம் இருந்தது. 2013-இல் லில்லி தாமஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. அன்று முதல் தீர்ப்பு வந்த கணமே பதவி போகிறது. மேல் நீதிமன்றம் தண்டனையை மட்டும் நிறுத்திவைத்தால் போதாது. குற்றவாளி என்ற தீர்ப்பையே நிறுத்திவைத்தால்தான் பதவி திரும்பும்.

அவதூறு வழக்கில் சூரத் நீதிமன்றம் 2023 மார்ச் 23 அன்று ராகுல் காந்திக்குச் சரியாக இரண்டு ஆண்டு விதித்தது. மறுநாளே மக்களவைச் செயலகம் வயநாடு காலியென அறிவித்தது. ஆகஸ்ட் 4 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பை நிறுத்திவைத்தது. 7 அன்று அவர் அவைக்குத் திரும்பினார். உச்சபட்சத் தண்டனை ஏன் என்பதற்கு விசாரணை நீதிமன்றம் காரணம் கூறவில்லை என்றும், ஒரு நாள் குறைந்திருந்தாலும் பதவி போயிருக்காது என்றும் உச்ச நீதிமன்றம் குறிப்பிட்டது. இதனால் பாதிக்கப்படுவது அவருடைய உரிமை மட்டுமன்று, அவரைத் தேர்ந்தெடுத்த வாக்காளர்களின் உரிமையும்தான் என்று அந்த ஆணையில் சொல்லப்பட்டிருப்பதை நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன்.

இதைவிடக் கூர்ந்து கவனிக்க வேண்டியது லட்சத்தீவில் நடந்தது. அதைப் பற்றித் தமிழில் அதிகம் எழுதப்படவில்லை. தேசியவாத காங்கிரஸ் உறுப்பினர் முகமது ஃபைசலுக்குக் கொலை முயற்சி வழக்கில் கவரத்தி நீதிமன்றம் 2023 ஜனவரி 11 அன்று பத்தாண்டு சிறை விதித்தது. 13 அன்று தகுதி நீக்கம் அறிவிக்கப்பட்டது. 18 அன்றே தேர்தல் ஆணையம், பிப்ரவரி 27-இல் இடைத்தேர்தல் என்று அறிவித்துவிட்டது. 25 அன்று கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பை நிறுத்திவைத்ததால் இடைத்தேர்தல் கைவிடப்பட்டது. ஆனால் தகுதி நீக்க அறிவிக்கை மட்டும் திரும்பப் பெறப்படவில்லை. நீக்குவதற்கு இரண்டு நாள் போதுமாக இருந்தது. சேர்ப்பதற்கு இரண்டு மாதம் ஆயிற்று. அவர் உச்ச நீதிமன்றத்தை அணுகி, அந்த மனு விசாரணைக்கு வரவிருந்த மார்ச் 29 அன்றுதான் அறிவிக்கை ரத்தானது. அதோடும் முடியவில்லை. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்த உயர் நீதிமன்ற உத்தரவை ரத்து செய்து வழக்கை மறுவிசாரணைக்கு அனுப்பியது; அக்டோபர் 3 அன்று உயர் நீதிமன்றம் தீர்ப்பை நிறுத்திவைக்க மறுத்தது; 4 அன்று மீண்டும் தகுதி நீக்கம்; 9 அன்று உச்ச நீதிமன்றத் தடை; நவம்பர் 2 அன்று மீண்டும் உறுப்பினர். நாட்டிலேயே மிகக் குறைந்த வாக்காளர்களைக் கொண்ட அந்தத் தொகுதிக்கு ஒரே ஆண்டில் இருமுறை பிரதிநிதி இல்லாமல் போனது. குற்றவழக்கில் அவருடைய நிலை என்னவாக இருந்தாலும் சரி, நீதிமன்ற ஆணை வந்த பிறகும் செயலகம் காத்திருந்த அந்த இரண்டு மாதத்துக்கு நியாயம் கிடையாது. நீக்குவதில் காட்டப்படும் வேகமே சேர்ப்பதிலும் கட்டாயம் என்று அவை விதிகளில் எழுதப்பட வேண்டும்.

கேள்வி: தேனி தொகுதித் தேர்தல் செல்லாது என்று தீர்ப்பு வந்ததே, பிறகு என்ன ஆயிற்று? (வாசகர், பெரியகுளம்)

சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜூலை 6 அன்று தேனியில் அ.தி.மு.க. வேட்பாளராக வென்ற ப.ரவீந்திரநாத்தின் வெற்றி செல்லாது என்று தீர்ப்பளித்து, மேல்முறையீட்டுக்காக அதைத் தானே முப்பது நாட்கள் நிறுத்திவைத்தது. அதற்குள் உச்ச நீதிமன்றம் தடை வழங்கியதால் அவர் பதவிக்காலம் முழுவதும் உறுப்பினராகத் தொடர்ந்தார். கட்சி அவரை 2022-இல் நீக்கியிருந்தது. கட்சியே ஒருவரை நீக்கினால் அதனால் மட்டும் பதவி போகாது.

கேள்வி: சிவசேனா, லோக் ஜனசக்தி போன்ற கட்சிகள் உடைந்தபோது கட்சித் தாவல் தடைச் சட்டம் ஏன் பாயவில்லை? (வழக்கறிஞர், மதுரை)

லோக் ஜனசக்தியின் ஆறு உறுப்பினர்களில் சிராக் பாஸ்வானைத் தவிர்த்த ஐவர் 2021 ஜூனில் பசுபதி குமார் பாரஸைத் தலைவராக்கினார்கள். சபாநாயகர் அவரை அங்கீகரித்தார். 2022 ஜூலையில் சிவசேனா உறுப்பினர்களில் 12 பேர் ஏக்நாத் ஷிண்டே பக்கம் சாய, ராகுல் ஷெவாலே அவைக்குழுத் தலைவராக அங்கீகரிக்கப்பட்டார். மூன்றில் ஒரு பங்கினர் பிரிந்தாலே போதும் என்ற பழைய விலக்கு 2003-இல் 91-ஆவது திருத்தத்தால் நீக்கப்பட்டுவிட்டது. இன்று சட்டம் ஏற்பது மூன்றில் இரண்டு பங்கினருடன் வேறு கட்சியோடு இணைவதை மட்டுமே. ஆனால் பிரிந்தவர்கள் ‘நாங்கள் வெளியேறவில்லை, நாங்களே கட்சி’ என்று வாதிட்டார்கள். அந்த வாதத்தை முதலில் எடைபோடுபவர் சபாநாயகர். அவர் முடிவெடுக்கச் சட்டத்தில் காலக்கெடு இல்லை. பொதுவாக மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று 2020 ஜனவரியில் மணிப்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது நடைமுறையில் பெரிதும் பின்பற்றப்படவில்லை. அந்த மூன்று மாதம் சட்டத்திலேயே எழுதப்படாத வரை பத்தாவது அட்டவணைக்குப் பல் இல்லை.

கேள்வி: தம்பிதுரைக்குப் பிறகு மக்களவைத் துணைத் தலைவர் யார்? (வாசகர், கிருஷ்ணகிரி)

பதினேழாவது மக்களவையில் எவரும் இல்லை. அனந்தசயனம் அய்யங்கார் முதல் மக்களவையில் வகித்த அந்தப் பதவி, ஓர் அவையின் காலம் முழுவதும் நிரப்பப்படாமல் போனது இதுவே முதல்முறை. ‘கூடிய விரைவில்’ தேர்ந்தெடுக்க வேண்டும் என்று 93-ஆவது பிரிவு சொல்கிறது. ஐந்தாண்டு என்பது எந்தக் கணக்கிலும் ‘கூடிய விரைவு’ ஆகாது.

கேள்வி: புனே தொகுதி ஓராண்டுக்கு மேல் காலியாக இருந்ததாமே, சட்டம் அதற்கு இடம் தருகிறதா? (வாசகர், கோயம்புத்தூர்)

தரவில்லை என்றே நான் கருதுகிறேன். புனே உறுப்பினர் கிரீஷ் பாபட் 2023 மார்ச் 29 அன்று காலமானார். அவையின் காலம் முடிய அப்போது பதினான்கு மாதங்களுக்கு மேல் இருந்தது. ஆகவே ‘ஓராண்டுக்குக் குறைவு’ என்ற விலக்கு பொருந்தாது. தேர்தல் ஆணையம் இரண்டாவது விலக்கைக் கையில் எடுத்தது: பிற தேர்தல் பணிகள் இருக்கின்றன, வெல்பவருக்குச் சில மாதங்களே கிடைக்கும், எனவே நடத்துவது கடினம் என்று சான்றளித்தது. தொகுதி வாக்காளர் ஒருவர் மும்பை உயர் நீதிமன்றத்தை நாடினார். மக்களைப் பிரதிநிதி இல்லாமல் விடுவது நாடாளுமன்ற ஜனநாயகத்துக்கே பொருந்தாது என்று கூறி, உடனே இடைத்தேர்தல் நடத்துமாறு 2023 டிசம்பர் 13 அன்று நீதிமன்றம் உத்தரவிட்டது. 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை விதித்தது. பொதுத் தேர்தல் வரை இடம் காலியாகவே இருந்தது. அம்பாலாவும் சந்திரபூரும் 2023 மே மாதத்தில் காலியானவை. அவற்றுக்கும் இதே நிலைதான்.

மற்ற தொகுதிகளோடு ஒப்பிட்டால்தான் இதன் முழு அநியாயம் தெரியும். ஜலந்தர் உறுப்பினர் சந்தோக் சிங் சௌத்ரி 2023 ஜனவரி 14 அன்று காலமானார். மே 10-இல் அங்கே வாக்குப்பதிவு நடந்துவிட்டது. லட்சத்தீவுக்கோ தகுதி நீக்கம் அறிவித்த ஐந்தாம் நாளே தேதி குறிக்கப்பட்டது. கடல் கடந்து வாக்கு இயந்திரங்களைக் கொண்டுசேர்க்க வேண்டிய தீவுகளில் ஆறு வாரத்துக்குள் தேர்தல் நடத்த முடியும் என்று எண்ணிய ஆணையத்துக்கு, மகாராஷ்டிரத்தின் பெருநகரம் ஒன்றில் நடத்துவது எப்படிக் கடினமாயிற்று? வெல்பவருக்குக் கிடைக்கும் காலம் குறைவு என்பது வேட்பாளரின் பார்வையில் எழுந்த காரணம். அந்த மாதங்களில் நிறைவேறும் சட்டங்கள் புனே மக்களையும் கட்டுப்படுத்தும். மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் மகளிருக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் ஒதுக்கும் மசோதா, 2023 செப்டம்பர் 20 அன்று 454-க்கு 2 என்ற கணக்கில் நிறைவேறியபோது அந்த வாக்கெடுப்பில் புனேவுக்கு இடமில்லை. 151அ பிரிவின்படி அளிக்கப்படும் ஒவ்வொரு சான்றும் காரணங்களோடு உடனே வெளியிடப்பட வேண்டும். அதை எதிர்க்கும் மனு முப்பது நாளுக்குள் விசாரித்து முடிக்கப்பட வேண்டும். இந்த இரண்டு திருத்தங்களையும் எல்லாக் கட்சியினரும் கேட்க வேண்டும். இன்று ஆள்பவருக்கும் நாளை இதே நிலை வரக்கூடும்.

கேள்வி: ஈரோடு உறுப்பினர் கணேசமூர்த்தி, நாகப்பட்டினம் உறுப்பினர் எம்.செல்வராஜ் ஆகியோர் மறைந்தபோதும் பதினேழாவது மக்களவை நடப்பில் இருந்ததா? (வாசகர், திருவாரூர்)

இருந்தது. கணேசமூர்த்தி 2024 மார்ச் 28 அன்றும், நான்கு முறை நாகப்பட்டினத்தில் வென்ற செல்வராஜ் மே 13 அன்றும் காலமானார்கள். பொதுத் தேர்தல் மார்ச் 16-லேயே அறிவிக்கப்பட்டிருந்தாலும், பதினேழாவது மக்களவையைக் குடியரசுத் தலைவர் கலைத்தது ஜூன் 5 அன்றுதான். எனவே இருவரும் உறுப்பினர்களாகவே மறைந்தார்கள். தமிழ்நாட்டில் ஏப்ரல் 19 அன்று வாக்குப்பதிவு முடிந்துவிட்டதால், செல்வராஜ் மறைந்தபோது அவருடைய தொகுதியின் அடுத்த உறுப்பினரை மக்கள் ஏற்கெனவே தேர்ந்தெடுத்திருந்தார்கள். எண்ணிக்கை மட்டுமே பாக்கியிருந்தது. இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் சார்பில் அங்கே நின்று வென்றவரின் பெயரும் செல்வராஜ்தான் (வை.செல்வராஜ்) என்பதால் பட்டியல்களைப் பார்க்கும்போது இருவரையும் ஒருவராக எண்ணிவிட வேண்டாம்.